கோராகோட பிள்ளைங்க காத்த கதவு

பைபிள்ல சங்கீதம் 84ல பத்தாவது வசனம் எனக்கு சின்ன வயசுலேர்ந்தே மனப்பாடம், ஆகாத கூடாரங்கள்ல சொகமா குடியிருக்குறத விட என் தேவனோட ஆலயத்து வாசப்படில காத்துக் கெடக்குறதே போதும்னு வர்ற வசனம். சண்டே ஸ்கூல்ல ஒப்பிச்சு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கூட வாங்கிருக்கேன். ஆனா அது யாரு சொன்ன வார்த்தைன்னு ஒரு நாளும் நான் யோசிச்சதே இல்ல. தாவீது பாடினதுன்னே ரொம்ப வருஷம் நெனச்சிட்டு இருந்தேன். போன மாசம் எங்க தெரு ஜெபக்கூட்டத்துல இதே சங்கீதத்த எடுத்துப் பேசச் சொன்னாங்க, ராத்திரி உக்காந்து தயார் பண்ணும்போதுதான் தலைப்புல இருக்குற அந்த சின்ன வரி கண்ணுல பட்டுச்சு, "கோராகின் புத்திரர்". அன்னைக்கு அதுக்கப்புறம் தூக்கமே வரல. அந்த ராத்திரில ஆரம்பிச்சு கோயில் கதவுன்னு எங்கெல்லாம் வருதோ அதெல்லாம் தேடித் தேடி படிச்சேன், அத இங்க எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

கோராகு யாருன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன். எண்ணாகமம் 16ஆம் அதிகாரம். வனாந்தரத்துல இஸ்ரவேல் ஜனங்கள நடத்திட்டு வந்த மோசேக்கும் ஆரோனுக்கும் எதிரா எந்திரிச்சவன், ஆலய ஊழியத்துக்குன்னு ஒதுக்கின லேவி கோத்திரம்தான், சபை முழுக்கவே பரிசுத்தம்தானே நீங்க மட்டும் ஏன் உங்கள உயர்த்திக்கிறீங்கன்னு கேட்டவன். 250 பேர் தூபகலசத்த எடுத்துக்கிட்டு அவனோட சேர்ந்து வந்து ஆசரிப்புக் கூடாரத்தோட, அதாவது ஆலயம் கட்டுறதுக்கு முன்னாடி ஜனங்க தொழுத கூடாரத்தோட, வாசல்ல நின்னாங்க. ஆமா, வாசல்ல. அந்த எடத்த நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. அவனோட சேர்ந்து எதிர்த்த தாத்தான், அபிராம்ங்குற ரெண்டு பேரோட கூட்டத்த பூமி வாய தொறந்து விழுங்குச்சு, அந்த 250 பேர அக்கினி பட்சிச்சுது, அவங்க கொண்டு வந்த கலசங்கள தட்டித் தகடாக்கி பலிபீடத்துக்கு மூடியா அடிச்சு வச்சாங்க, பாக்குறவங்களுக்கு ஒரு அடையாளமா இருக்கட்டும்னு. கதை அதோட முடிஞ்சுதுன்னுதான் நாம நெனைக்கிறோம். ஆனா பத்து அதிகாரம் தள்ளி 26:11ல ஒரே ஒரு வரி வருது, கோராகோட பிள்ளைங்க சாகல. அவ்ளோதான், ஏன் எப்படின்னு ஒரு விளக்கமும் கெடையாது.

அந்தப் பிள்ளைங்க என்ன ஆனாங்கன்னு தெரிஞ்சுக்க 1 நாளாகமம் 9க்கு போகணும். பேர்ப்பட்டியல்னு நாம தாண்டிப் போயிடுவோம்ல, அந்த அதிகாரம். அங்க சல்லூம்னு ஒருத்தர் வர்றாரு, கோராகு வம்சம்னே போட்டிருக்கு, அவரும் அவரு சொந்தக்காரங்களும் கூடாரத்து வாசப்படிகள காக்குறவங்க. ராத்திரி தேவாலயத்த சுத்தியே தங்குவாங்க, ஏன்னா காவல் அவங்க பொறுப்பு, காலைல காலைல கதவு தொறக்குறதும் அவங்க வேலைதான். எந்த வாசல்ல முன்னோர் தூபகலசத்தோட நின்னு அழிஞ்சானோ அதே வாசல பேரப்பிள்ளைங்க கைலயே குடுத்திருக்காங்க! இத படிச்சப்புறம் 84ஆம் சங்கீதத்த திரும்ப எடுத்துப் பாருங்க. வாசப்படில நிக்கிறதே போதும்னு பாடுறது ராஜா இல்ல, உள்ள போய் பழக்கப்பட்ட ஆசாரியரும் இல்ல, வாசப்படில உயிர் தப்பின ஒரு குடும்பம். அந்த வசனத்துல வர்ற எபிரெய வினைச்சொல்லு வேதம் முழுக்க ஒரே ஒரு எடத்துலதான் வருது, வாசப்படிக்கு எபிரெயத்துல 'ஸஃப்'னு பேரு, அதுலேர்ந்து உண்டாக்குன சொல்லு, ஹிஸ்தோஃபேஃப். அப்படியே சொல்லணும்னா "வாசப்படியா கெடக்குறது"ன்னு சொல்லலாம்.

எனக்கு இது ஏன் இவ்ளோ தைச்சுதுன்னா எங்க தாத்தா. ஊர்ல சர்ச் கதவு தொறந்து மணியடிக்கிறது அவர் வேலை, ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு சாவி, இடுப்புலயே தொங்கும், ஆராதனை நேரத்துல அவர் உள்ள வந்து உக்காந்து நான் பாத்ததே இல்ல, கதவோரத்துல ஒரு ஸ்டூல் போட்டு அதுலதான் இருப்பாரு. ஒரு தடவ ஏன் தாத்தா நீங்க உள்ள வர மாட்டீங்களான்னு கேட்டேன், நான் வந்துட்டா கதவ யாருடா பாப்பான்னு கேட்டாரு. அப்போ எனக்கு அது பாவமா இருந்துச்சு, எல்லாரும் உள்ள இருக்க தாத்தா மட்டும் வெளிய இருக்காரேன்னு. அது பாவப்பட வேண்டிய எடமே இல்லன்னு புரியறதுக்கு எனக்கு நாப்பது வயசாயிடுச்சு.

சரி கதவுக்கு வர்றேன். மொதல்ல ஒரு விஷயம், எபிரெய வேதத்துல கதவுக்கும் வாசலுக்கும் தனித்தனி சொல்லு இருக்கு. மரத்துல செஞ்சு கீல்ல ஆடுற கதவு 'தெலெத்'. தொறந்து கெடக்குற அந்த எடம், உள்ளயும் வெளியயும் சந்திக்கிற எடம், அது 'பெத்தாஹ்', தொறக்குறதுங்குற வேர்ச்சொல்லுலேர்ந்து வந்தது. மதில்ல இருக்குற பெரிய நுழைவாசல் 'ஷஅர்'. தமிழ்லயும் நமக்கு கதவு வேற, வாசல் வேற, நிலை வேற, படி வேற, அதனால நமக்கு இது சட்டுன்னு புடிபடும். வனாந்தரத்து ஆசரிப்புக் கூடாரத்துக்கு கதவே கெடையாது. பிராகார வாசலுக்கு 20 முழ அகலத்துல இளநீலமும் இரத்தாம்பரமும் சிவப்பும் மெல்லிய பஞ்சுநூலும் சேர்த்து நெய்த ஒரு தொங்குதிரை, கூடார வாசலுக்கு இன்னொன்னு, எல்லாத்துக்கும் உள்ள இருக்குற மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு முன்னாடி திரைச்சீலை, மொத்தம் துணிதான். ஆனா பெத்தாஹ் இருக்கு. முக்கியமான காரியமெல்லாம் அங்கதான் நடக்குது. பலி கொண்டு வர்றவன் அங்கதான் கொண்டு வரணும். ஆரோனையும் அவன் பிள்ளைங்களையும் அபிஷேகம் பண்ணும்போது ஏழு நாள் ராவும் பகலும் அந்த வாசல விட்டு நகரக் கூடாதுன்னு லேவியராகமம் 8ல இருக்கு. நான் உங்கள சந்திக்கிறது அங்கதான்னு யாத்திராகமம் 29ல கர்த்தரே அந்த வாசல காட்டி சொல்றாரு. சந்திப்பு நடக்குற கூடாரம்னு அதுக்கு பேரு, ஆனா ஜனங்களுக்கு சந்திப்பு கூடாரத்துக்குள்ள இல்ல, கூடாரத்து வாசல்ல. வாசல்ல ஊழியம் செஞ்ச பொம்பளைங்க இருந்தாங்க, அவங்க குடுத்த கண்ணாடிகள உருக்கித்தான் வெண்கலத் தொட்டி செஞ்சாங்கன்னு 38ஆம் அதிகாரத்துல ஒரு வசனம் வருது (அந்தக் காலத்து கண்ணாடின்னா பளபளன்னு தேய்ச்ச வெண்கலம்). அவங்க பேரு ஒன்னு கூட இல்லையேன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

கர்த்தருடைய வீட்டுக் கதவுன்னு சொல்லுறது சீலோவுலதான் எனக்கு மொதல்ல கண்ணுல படுது, எருசலேம் ஆலயத்துக்கு முன்னாடி ஜனங்க தொழப் போன ஊரு. ஆசாரியர் ஏலி ஆலயத்து நிலைக்கால் பக்கத்துல நாற்காலில உக்காந்திருக்காரு, அன்னாள் அழுது ஜெபிக்கிறத அங்கேர்ந்துதான் பாக்குறாரு. பின்னாடி அந்த ராத்திரி, சின்னப் பையன் சாமுவேல கர்த்தர் நாலு தடவ பேர் சொல்லிக் கூப்பிட்ட ராத்திரி. ஏலி வீட்டுக்கு வரப்போற தண்டனையைப் பூரா அந்தப் பிள்ள காதுல கேட்டுட்டான், அதுக்கப்புறம் என்ன பண்ணான் தெரியுமா? விடியற வரைக்கும் படுத்திருந்து, எந்திரிச்சு, கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகள தொறந்தான். 1 சாமுவேல் 3:15. தீர்க்கதரிசியா ஆன மொத நாள்ல அவன் செஞ்ச மொத வேலை கதவு தொறந்தது. ஏலிகிட்ட அதச் சொல்ல பயந்துக்கிட்டு இருந்தான்னும் அதே வசனத்துல இருக்கு, ஆனா பயத்தோடயே போய் அன்னைக்கு வேலைய செஞ்சிருக்கான்.

சாலொமோன் ஏழு வருஷம் கட்டுன ஆலயத்துலதான் கதவு பெரிய விஷயமா ஆகுது. 1 இராஜாக்கள் 6 கடைசில அத விலாவாரியா எழுதியிருக்கு. சந்நிதி ஸ்தானத்துக்கு, அதாவது மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு, ஒலிவமரத்துல இரட்டைக் கதவு, வெளில பெரிய மண்டபத்துக்கு ஒலிவமர நிலையும் தேவதாரிப் பலகைல கதவும், ஒவ்வொன்னும் ரெண்டு மடிப்பா மடங்குற மாதிரி. எல்லா கதவுலயும் கேரூபீன்களும் (செட்டை உள்ள பரலோகக் காவல்காரங்க) பேரீச்சமரமும் விரிஞ்ச பூவும் செதுக்கி அந்தச் செதுக்கு மேலேயே படியுற மாதிரி தங்கத்தகடு அடிச்சிருக்காங்க. கேரூபீன்கள நாம இதுக்கு முன்னாடி எங்க வாசல்ல பாத்தோம்னு யோசிச்சுப் பாருங்க. ஆதியாகமம் 3 கடைசி வசனம், ஏதேன் தோட்டத்துக்கு கிழக்க, ஜீவவிருட்சத்துக்குப் போற வழிய காக்க நிறுத்தினது. ஆலயமும் கிழக்க பாத்த வாசல்தான். மொத மனுஷன வெளிய அனுப்பி வழிய அடைச்ச அந்தக் காவல்காரங்களையே கதவுல செதுக்கி, கூடவே தோட்டத்து மரத்தையும் பூவையும் செதுக்கி வச்சிருக்காங்க, அப்போ அந்தக் கதவு முன்னாடி நிக்கிறவன் எத பாப்பான்? நீ இழந்தது இதுதான்னு ஒரு பக்கம், ஆனா இது சுவர் இல்ல கதவு, தொறக்கும்னு இன்னொரு பக்கம். சங்கீதம் 74ல எதிரிங்க வந்து கோடாலியாலயும் சம்மட்டியாலயும் அந்த சித்திர வேலையெல்லாம் ஒடைச்சாங்கன்னு ஒரு புலம்பல் வருது, இந்த செதுக்கெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு அத படிச்சா அது வெறும் மரம் ஒடஞ்ச சத்தமா கேக்காது.

சுத்தி இருந்த மத்த ஜனங்களுக்கும் வாசல் பெரிய விஷயம்தான். சிரியால அலெப்போ பக்கத்துல ஐன் தாரான்னு ஒரு பழைய கோயில், சாலொமோன் ஆலயத்தோட அமைப்புக்கு ரொம்ப கிட்ட வர்றது, அதோட வாசப்படி கல்லுல கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்துக்கு பாதம் செதுக்கியிருக்கும், சாமி உள்ள நடந்து போன தடமாம். 2018ல நடந்த குண்டுவீச்சுல அந்தக் கோயில் ரொம்ப சேதமாயிடுச்சு. பெலிஸ்தருங்க கதைல அவங்க சாமி தாகோனோட சிலை, இஸ்ரவேலர்கிட்டேர்ந்து புடிச்சிட்டு வந்த உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னாடி விழுந்து தலையும் கையும் வாசப்படி மேல அறுந்து கெடந்ததால அஸ்தோத்துல யாரும் அந்தப் படிய மிதிக்கிறதில்லன்னு 1 சாமுவேல் 5ல இருக்கு, எங்க பாட்டியும் வாசப்படில நிக்காதடான்னு தெனம் திட்டுவா, காரணம் வேறன்னாலும் அத படிக்கும்போது பாட்டி குரல்தான் கேக்குது.

ஆனா எபிரெய வேதத்துல வாசல் கேள்வி கேக்குற எடம். சங்கீதம் 24ல மூணாவது வசனம் அப்படித்தான் கேக்குது, கர்த்தருடைய மலைக்கு ஏறுறவன் யாரு? அதுக்கு பதில் எந்த கோத்திரம் எந்த குடும்பம்னு வரல, கை சுத்தமா இருக்கா மனசு சுத்தமா இருக்கான்னு வருது. 15ஆம் சங்கீதம் இன்னும் நேரா சொல்லுது, புறணி பேசாதவன், வட்டிக்கு குடுக்காதவன், நஷ்டமே வந்தாலும் குடுத்த வாக்க மாத்தாதவன். அப்புறம் 24லயே திடீர்னு ஜனங்கள விட்டுட்டு கதவுங்ககிட்டயே பேச ஆரம்பிச்சிடுறாங்க, வாசல்களே தலைய தூக்குங்க, மகிமையின் ராஜா உள்ள வரணும்னு. அதுக்கு வாசல் சும்மா தொறக்கல, யார் அந்த மகிமையின் ராஜான்னு திருப்பிக் கேக்குது. மனுஷன கேள்வி கேட்ட வாசல் ராஜாவையும் கேக்குது. இத வச்சு தல்மூதுல, அதாவது யூத குருமாருங்க விளக்கங்களோட பழைய தொகுப்புல, ஒரு கதை இருக்கு, சாலொமோன் உடன்படிக்கைப் பெட்டிய உள்ள கொண்டு போக வந்தப்போ கதவு ரெண்டும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு தொறக்கவே மாட்டேன்னுச்சாம், மகிமையின் ராஜான்னு அவன் சொன்னதும் தன்னத்தான் சொல்றானோன்னு கதவுங்க அவன முழுங்க வந்துச்சாம், கர்த்தர்தான்னு பதில் சொல்லியும் தொறக்கல, கடைசில உம்முடைய தாசன் தாவீதோட நன்மைகள நெனச்சுக்கோங்கன்னு கேட்டதுக்கப்புறம்தான் தொறந்துச்சாம். இன்னைக்கும் யூத ஜெப ஆலயங்கள்ல வார நாள்ல தோரா சுருள வாசிச்சு முடிச்சு, சுருள் வைக்கிற அலமாரியான பேழைக்குள்ள திரும்ப வைக்கும்போது இந்த 24ஆம் சங்கீதத்தத்தான் சொல்லுவாங்க.

எரேமியா 7ஐ நான் பல தடவ படிச்சிருக்கேன், ஆனா தீர்க்கதரிசி எரேமியா எங்க நின்னு பேசுறாருன்னு கவனிச்சதில்ல. ஆலயத்து வாசல்ல. உள்ள போக கூட்டம் கூட்டமா வந்துட்டு இருக்குற ஜனங்க முகத்துக்கு நேரா நின்னுக்கிட்டு, கர்த்தருடைய ஆலயம் கர்த்தருடைய ஆலயம் கர்த்தருடைய ஆலயம்னு மூணு தடவ சொல்லிக்கிட்டா மட்டும் போதாது, பரதேசியையும் திக்கத்த பிள்ளையையும் விதவையையும் ஒடுக்கிட்டு இங்க வந்து நின்னு தப்பிச்சோம்னு சொல்லுவீங்களா, இது என்ன கள்ளர் குகையான்னு கேக்குறாரு. அதாவது 15ஆம் சங்கீதத்துல வாசல் கேட்ட அதே கேள்விய யாரும் கேக்காம விட்டுட்டாங்க, அதனால ஒரு தீர்க்கதரிசி வந்து அந்த எடத்துல நின்னு கேக்க வேண்டியதாப் போச்சு. கூடவே சீலோவுக்கு நான் செஞ்சத போய் பாருங்கன்னு சொல்றாரு. சீலோ, சாமுவேல் கதவு தொறந்த எடம், அது பாழாப் போய்க் கெடந்துச்சு. இந்தப் பேச்சுக்காக அவர கொல்லணும்னு புடிச்சு விசாரிச்சதும் இன்னொரு ஆலய வாசல்லதான், புது வாசல்னு 26ஆம் அதிகாரத்துல இருக்கு.

கதவ மூடுனது யாருங்குறதும் ஒரு பெரிய கதை. யூதா நாட்டு ஆகாஸ் ராஜா மூடிட்டான், விளக்க அணைச்சிட்டான். அவன் மகன் எசேக்கியா பட்டத்துக்கு வந்த மொத வருஷம் மொத மாசமே கதவுகள தொறந்து பழுது பாத்தான், உள்ள கெடந்த அசுத்தத்த எல்லாம் வாரி கீதரோன் ஆத்துக்கு கொண்டு போய் போட்டாங்க, சுத்தம் பண்ணி முடிக்க 16 நாள் ஆச்சு (2 நாளாகமம் 29). அப்பன் அடைச்சத மகன் தொறந்தான்னு சந்தோஷமா முடிச்சிடலாம், ஆனா 2 இராஜாக்கள் 18 அப்படி முடிக்க விடல. அசீரிய ராஜா சனகெரிப் படையோட வந்து 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து தங்கமும் கேட்டான், கி.மு. 701ல, எசேக்கியா வேற வழி இல்லாம ஆலயக் கதவுலயும் நிலையிலயும் இருந்த தங்கத்த உரிச்சுக் குடுத்தான், அதுவும் அவனே அடிச்சு வச்ச தங்கம்னு அந்த வசனத்துலயே சொல்லியிருக்கு. வீட்டுல பொண்டாட்டி நகைய கழட்டி அடகு வைக்கிறவன் எப்படி இருப்பான்னு நமக்கு தெரியும்ல, அந்த வரிய படிக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொரு பக்கம் தீர்க்கதரிசி மல்கியா. ஊனமும் நோயுமான ஆட்ட கொண்டு வந்து பலி குடுத்துட்டு இருந்த காலத்துல, உங்கள்ல ஒருத்தனாவது எழுந்து போய் இந்தக் கதவ மூடிட மாட்டானா, வீணா என் பலிபீடத்துல நெருப்பு போடாம இருப்பீங்களேன்னு கர்த்தர் சொல்றதா 1:10ல வருது. நான் படிச்சதுலயே ரொம்ப வலிக்கிற வசனம் இதுதான். ஆகாஸ் மூடுனது பாவம், ஆனா இப்போ தொறந்து வச்சிருக்குறது அதவிட மோசமா இருக்குன்னு வீட்டுக்காரரே சொல்றாரு.

தீர்க்கதரிசி எசேக்கியேல பத்தி எழுதாம இத முடிக்க முடியாது. பாபிலோன்ல சிறையிருப்புல இருந்துக்கிட்டு கி.மு. 592ல அவர் பாக்குற தரிசனத்துல கர்த்தருடைய மகிமை ஆலயத்த விட்டு போகுது, ஆனா ஒரேயடியா கெளம்பிப் போயிடல. கேரூபீன விட்டு வாசப்படிக்கு வந்து நிக்குது. அங்கேர்ந்து கிழக்கு வாசலுக்கு போய் நிக்குது. அப்புறம் நகரத்துக்கு கிழக்க இருக்குற மலைல போய் நிக்குது. நம்ம வீட்டுல விருந்தாளி கெளம்பும்போது கூடத்துல சொல்லிட்டு, வாசப்படில நின்னு அரை மணி நேரம் பேசி, கேட்டுகிட்ட நின்னு இன்னொரு தடவ பேசி, மனசில்லாம போவாங்கல்ல, அப்படி. போறேன்னு சொல்லக்கூடாது, போயிட்டு வர்றேன்னு சொல்லணும்னு நமக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க, அது மாதிரியே 19 வருஷம் கழிச்சு 43ஆம் அதிகாரத்துல அதே கிழக்கு வாசல் வழியா மகிமை திரும்ப வருது. வந்ததும் அந்த வெளிப்பிராகாரத்து கிழக்கு வாசல பூட்டச் சொல்லியாச்சு, கர்த்தர் இது வழியா வந்தாரு, இனி இது தொறக்கப்படக்கூடாதுன்னு. அதிபதி கூட அதுல உக்காந்து போஜனம் பண்ணலாம், அவ்ளோதான். கதவு பூட்டினதுன்னா விலக்கி வச்சதுன்னுதான் நான் எப்பவும் நெனப்பேன், இங்க பூட்டினது அவர் உள்ள இருக்காருங்குறதுக்கு அடையாளம்.

அதோட விட்டிருந்தா கூட ஒரு மாதிரி இருந்திருக்கும். ஆனா 47ல என்ன நடக்குது, அதே ஆலயத்து வாசப்படிக்கு கீழேர்ந்து தண்ணி கசிஞ்சு கிழக்க ஓடுது. ஆயிரம் முழம் போனா கணுக்கால் அளவு, இன்னொரு ஆயிரம் போனா முழங்கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் நீந்தித்தான் போகணும். அது போய் சவக்கடல்ல விழுந்து அந்த உப்புத் தண்ணி ஆரோக்கியமாகி மீன் புடிக்கிறவங்க கரைல வலை காய வைக்கிறாங்க, கரையோர மரங்களோட இலை மருந்தாகுது. பூட்டின வாசல் ஒரு பக்கம், வாசப்படிக்கு அடியில யாராலும் அடைக்க முடியாத தண்ணி ஒரு பக்கம். சேத்துக்காட்டையும் உளையையும் மட்டும் உப்பு எடுக்க அப்படியே விட்டு வச்சிருக்காருன்னு 11ஆம் வசனம் சொல்லுது, சமையலுக்கு உப்பு வேணுமேன்னு அதையும் யோசிச்சு வச்ச தரிசனம்!

அந்நியருக்கு அந்தக் கதவு உண்டாங்குற கேள்விக்கு வேதத்துக்குள்ளயே ரெண்டு குரல் இருக்கு. உபாகமம் 23 சிலர சபைக்குள்ள வரவே கூடாதுன்னு சொல்லுது. ஏசாயா 56 அதே ஆளுங்கள, அந்நிய புத்திரனையும் அண்ணகனையும் (விதையடிக்கப்பட்ட ஆண்), பேர் சொல்லிக் கூப்பிட்டு என் வீட்டுலயும் என் மதில்களுக்குள்ளயும் உங்களுக்கு எடம் உண்டு, இது எல்லா ஜனத்துக்கும் ஜெபவீடுன்னு சொல்லுது. சிறையிருப்புக்கு அப்புறம் கட்டின ரெண்டாம் ஆலயத்துல அந்நியர் தாண்டக்கூடாதுன்னு தடுப்பு போட்டு, தாண்டினா சாவுதான்னு கிரேக்கத்துல எழுதி வச்ச கல்லு 1871ல கெடைச்சிருக்கு, இப்போ இஸ்தான்புல் மியூசியத்துல இருக்கு. எனக்கு ஏசாயா குரல்தான் வேணும். வாசல் காக்குறவன் கைல சாவி இருக்குறது அடைக்கிறதுக்கு மட்டும்னு நெனச்ச ஆளுங்கள நானும் நெறைய பாத்துட்டேன், ஒரு கல்யாணத்துக்கு ஒரு ஜோடிய உள்ள விடாம திருப்பி அனுப்பினத என் கண்ணாலயே பாத்திருக்கேன், அந்தப் பொண்ணு படில உக்காந்து அழுதது இன்னும் மறக்கல.

கடைசியா திரும்ப அந்த காவல்காரங்ககிட்டயே வர்றேன். கி.மு. 586ல எருசலேம் விழுந்துச்சு. ஆலயம் எரிஞ்சுது. 2 இராஜாக்கள் கடைசி அதிகாரத்துல பாபிலோன் தளபதி நேபுசராதான் யார் யார புடிச்சுட்டு போனான்னு ஒரு பட்டியல் இருக்கு, பிரதான ஆசாரியன் செராயா, ரெண்டாம் ஆசாரியன் செப்பனியா, அதோட வாசப்படி காக்குறவங்க மூணு பேரு. ரிப்லாவுக்கு கொண்டு போய் ராஜா முன்னாடி நிறுத்தி வெட்டிக் கொன்னாங்க. பேரு கூட எழுதல, மூணு பேருன்னு மட்டும் இருக்கு. தல்மூதுல அந்த நாள பத்தி ஒன்னு சொல்றாங்க, எளவயசு ஆசாரியருங்க கைல சாவியோட எரியுற ஆலயத்துக் கூரை மேல ஏறி, நம்பிக்கையா வச்சிருக்க எங்களுக்கு தகுதி இல்லாமப் போச்சு, சாவிய நீங்களே வச்சுக்கோங்கன்னு வானத்த பாத்து வீசுனாங்க, மேலேர்ந்து ஒரு கை மாதிரி வந்து வாங்கிக்கிச்சு, அவங்க நெருப்புல குதிச்சாங்கன்னு.

அப்புறம் கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு பெர்சிய ராஜா கோரேஸ் விட்டதும் ஜனங்க திரும்பி வர்றாங்க. எஸ்றா 2ல யார் யார் எத்தன பேருன்னு கணக்கு இருக்கு. மத்த லேவியர் 74 பேரு. பாடகருங்க 128. வாசல் காக்குறவங்க வம்சத்துல 139 பேரு வந்திருக்காங்க, பட்டியல்ல மொத பேரே சல்லூம் புத்திரர். லேவியர விட, பாடகர விட இவங்கதான் அதிகம். ஆலயம் கட்டி முடிஞ்சது கி.மு. 516-515லதான், பெர்சிய ராஜா தரியுவோட ஆறாவது வருஷம். அதாவது இந்த 139 பேரும் அத்தன தூரம் நடந்து வந்து சேர்ந்தப்போ அந்த மலை மேல காக்குறதுக்கு ஒரு கதவு கூட இல்ல.